படத்தில் விட்டுப்போன பிஸ்கட்

அரசாங்கத்துக்குக் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்பத்தொன்பது வயதில், தலைமுடி பாதி போன பிறகு, இத்தனை தேர்தல்களில் விரலில் மை வாங்கிக்கொண்ட பிறகும் நம்பினேன். அந்தச் சுரப்பி ஃபைல்களுக்கு அடியில் எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறது, சரியான இடத்தில் சரியான வாக்கியத்தால் ஒரு குத்து குத்தினால் பொலபொலவென்று கொட்டிவிடும், அப்படிக் குத்தத் தெரிந்த ஆள் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான் ஒருவன்தான் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு திமிர் வந்ததற்குக் காரணம் என் பழைய தொழில். இருபது வருடம் ஓர் அச்சகத்தில் வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, அப்புறம் எங்கள் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் நிரந்தர அலங்காரமான கண்ணீர் அஞ்சலி. செத்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பெயர், வயது, ஒரு போட்டோ கொடுப்பார்கள். அரை மணி நேரத்தில் நான் எழுதித் தருகிற நாலு வரியைப் படித்துவிட்டு, அவரோடு பத்து வருடம் பேசாமல் இருந்த பங்காளிகூட சுவரோரம் நின்று மூக்கைச் சிந்துவான். அச்சகம் மூடிய பிறகு, குழந்தைகளின் சாப்பாடு, உடம்பு, படிப்பு, குடும்ப வருமானம் என்று மாநிலம் முழுக்கப் பேசுகிற ஒரு கூட்டமைப்பு, தமிழில் மனு எழுதத் தெரிந்த மாவட்ட ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்றது. போய் நின்றேன். மாதிரிக்கு ஒரு மனு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நேர்முகம் செய்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை கிடைத்துவிட்டது.

அலுவலகம் வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு பீரோ, நான். ஊர் ஊராகப் போய்ப் பால்வாடியில் எடை பார்க்கிற மெஷின் ஓடுகிறதா, முட்டை வேளைக்கு வருகிறதா, அப்பனை இழந்த பிள்ளைக்கு வரவேண்டிய உதவி வந்ததா என்று பார்த்துச் சென்னைக்கு எழுதவேண்டும். சென்னையில் இருக்கிறவர்கள் எல்லா மாவட்டத்தையும் சேர்த்துக் கட்டி, பட்ஜெட்டுக்கு முன்னால் எம்.எல்.ஏ.க்களிடம் கொண்டுபோவார்கள்.

அந்த வருடம் சென்னை மேடம் போன் செய்தார். மாநில ஒருங்கிணைப்பாளர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னைவிட நாலு மடங்கு வேகமாகப் பேசுவார்.

"சார், இந்தத் தடவை மாவட்டத்துக்கு ஒரு பக்கம்தான். ஒரு குழந்தை, ஒரு படம், ஒரு கோரிக்கை. எம்.எல்.ஏ. ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள படிச்சிடணும்."

"டீ ஆறிப்போற மாதிரி எழுதிடறேன் மேடம்."

"ரொம்ப எழுதிடாதீங்க சார். உங்களுக்குக் கை ஜாஸ்தி ஓடும்."

அவர் அப்போதே சொன்னார். நான்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கோரிக்கை என்னிடம் தயாராக இருந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றக் கூட்டம் வரும். அன்றைக்குத்தான் அடி அண்ணாமலைப் பெண்களுக்கு வியாபாரம். சுண்டல், மோர், கற்பூரம், வெள்ளரிக்காய் என்று ஆளுக்கொரு கூடையோடு மதியம் மூன்று மணிக்குப் பாதையோரம் உட்கார்ந்தால், எழுந்து வீட்டுக்குப் போவது மறுநாள் விடிந்த பிறகு. ஆனால் பால்வாடி சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடும். கைக்குழந்தையும் தவழ்கிற குழந்தையும் அம்மாவோடு ரோட்டோரத்துக்கு வரும். ஆகையால் பௌர்ணமி அன்று மட்டும், அம்மாக்கள் திரும்பி வரும்வரை பால்வாடி திறந்திருக்க வேண்டும். ஓர் ஆயா, ஒரு லைட்டு, ஒரு சட்டி உப்புமா. இவ்வளவுதான். எந்த அரசாங்கமும் இதற்காகக் கஜானாவைத் துடைக்க வேண்டியதில்லை.

படம் எடுக்க ஒரு பௌர்ணமி பிற்பகல் அடி அண்ணாமலைக்குப் போனேன். பாதையோரத்தில் ஒரு பெண் வெள்ளரிக்காயைச் சீவி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் தக்காளி ஏற்றிவருகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்று. அதற்குள் பழைய துண்டை விரித்து, நாலு வயதுப் பெண் குழந்தையை உட்கார வைத்திருந்தாள். குழந்தை ரோட்டுக்கு ஓடிவிடாமல் இருக்க அவள் கண்ட ஏற்பாடு.

"என்னா சார், போட்டோல்லாம் புடிக்கிறீங்க? பேப்பர்ல வருமா?"

"பேப்பர் இல்லம்மா, அதைவிடப் பெரிய எடம். சட்டசபைக்கே போவும்."

"அய்ய, இந்தக் கவுனோடயா? சொல்லியிருந்தா நல்ல கவுன் போட்டிருப்பேனே."

"இந்தக் கவுன்தாம்மா நல்லாருக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தினாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். பகல் முழுக்கப் பால்வாடியில் இருக்கிற குழந்தை, பௌர்ணமி அன்றைக்கு மட்டும் ரோட்டில் தூங்குகிறது. நிஜமாகவே திறப்பார்களா என்று கேட்டாள்.

"தொறப்பாங்க," என்றேன். 'கேட்கப் போகிறோம்' என்று சொல்லியிருக்கலாம். 'முயற்சி பண்ணுகிறோம்' என்று சொல்லியிருக்கலாம். தமிழில் எத்தனையோ நாணயமான வார்த்தைகள் இருக்கின்றன. நான் திறப்பார்கள் என்றேன். கூடவே என் விசிட்டிங் கார்டையும் கொடுத்தேன்.

குழந்தை கேமராவைப் பார்க்க மாட்டேன் என்றது. பையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன். குழந்தை கிரேட்டிலிருந்து எக்கிக் கையை நீட்டியது. அந்த நொடியில் க்ளிக். அப்புறம் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டேன், அந்த அளவுக்கு யோக்கியன்.

வீட்டுக்கு வந்து போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தை, கிரேட், நீட்டிய கை, ஓரத்தில் என் இரண்டு விரலும் ஒரு பிஸ்கட்டும். பிஸ்கட் இருந்தால் பிறந்தநாள் படம் மாதிரி இருந்தது. வெட்டினேன். வெட்டியதும் பாருங்கள், படமே மாறிவிட்டது. குழந்தையின் கை உலகத்தை நோக்கி வெறுமனே நீண்டிருந்தது. இருபது வருடக் கை, சும்மா இருக்குமா? தலைப்பு தானாக வந்து விழுந்தது: 'அண்ணாமலையின் அடிவாரத்தில், பக்தர்களின் காலடிப் புழுதியில், பிச்சைக்குத் தள்ளப்படும் பிஞ்சுக் கரங்கள்!'

தையல் மெஷினில் இருந்த என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பிச்சையா எடுக்குது?"

"எடுக்கல. எடுக்கற அபாயம் இருக்குன்னு..."

"அபாயம்னு எங்க கீது இதுல?"

"உள்ளார ரெண்டாவது பாராவுல வருது."

"பால்வாடிய தொறங்கன்னு?"

"அது கடைசில. க்ளைமாக்ஸு."

"என்னாங்க, மனு எழுதச் சொன்னா நீங்க பாடை கட்டியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள். இலக்கியம் தெரியாதவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். அதே பக்கத்தைச் சென்னைக்கும் அனுப்பினேன். மேடம் வாட்ஸ்அப்பில் நெருப்புப் படமும் கைகூப்பும் படமும் போட்டுப் பதில் அனுப்பினார். எனக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை. டீக்கடையில் பழகின ஆட்களிடம், "அடுத்த பட்ஜெட்டுல நம்ம ஊர் பேர் வருது, பாத்துனே இருங்க" என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த பௌர்ணமி வந்தது, போனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் அலுவலகத்தில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தபோது, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் குரல் கேட்டது. "அந்தப் போட்டோ புடிச்ச சாரா? மேலதான் இருக்காரு, போம்மா. அழாத, போ."

அழாத என்ற சொல் படியேறி என்னிடம் முதலில் வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பு எடுத்த முடிவை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. ஒற்றை அறை. பீரோவுக்குப் பின்னால் ஆள் போக இடமில்லை, பார்த்தேன். ஜன்னலில் கம்பி. ஆகவே, குழந்தைகளின் உரிமைக்காக மாநில அளவில் போராடுகிற நான், மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன்.

படியேறி வந்த கால்கள் மேசைக்கு முன்னால் நின்றன. பிறகு குரல் குனிந்து வந்தது.

"சார்... என்னா தேடுறீங்க?"

"பேனாம்மா."

"மேசை மேலயே கீது சார்."

வெளியே வந்தேன். வெள்ளரிக்காய்க்காரப் பெண். கையில் என் விசிட்டிங் கார்டு, வியர்வையில் நைந்து போயிருந்தது.

"பாப்பாவத் தூக்கினு போய்ட்டாங்க சார்."

நேற்றுச் சாயங்காலம் ஒரு ஜீப் வந்திருக்கிறது. குழந்தைகளை மீட்கிறோம் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்ததாம். மூன்று பேர் இறங்கினார்கள். குழந்தையைப் பிச்சை எடுக்க வைக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

"இல்லீங்க, வெள்ளரிக்கா விக்கிறேன்னு சொன்னேன் சார். பொய் சொல்லாதன்னு ஒரு பேப்பரக் காட்டினாங்க. அதுல எம் பாப்பா போட்டோ கீது. நீங்க புடிச்சது."

அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்கு முதலில் என்ன தோன்ற வேண்டும்? அந்தக் குழந்தை இந்நேரம் எங்கே இருக்கும் என்று. எனக்கு முதலில் தோன்றியது, இவள் புருஷன் பெங்களூரிலிருந்து எந்த பஸ்ஸில் கிளம்புவான், எத்தனை மணிக்கு இங்கே வந்து என்னை அடிப்பான் என்பது. பஸ் நேரமெல்லாம் மனசுக்குள் ஓடிவிட்டது. குழந்தை அதற்கப்புறம்தான் வந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"நீங்க எழுதிதான சார் தூக்கினாங்க. நீங்க எழுதினா குடுத்துடுவாங்க. எழுதிக் குடுங்க சார்."

என் எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த ஆள் என்னைத் தவிர அவள் ஒருத்திதான்.

இருவரும் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். நாலாவது மேசையில் இருந்த அதிகாரி அம்மா நல்லவர். தலைவலித் தைலம் பூசிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்க நேரமில்லாமல் இருந்தார். என் பெயரைச் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"நீங்கதானா சார் அது? என்னமா எழுதியிருக்கீங்க! எங்க பெரிய சார் படிச்சிட்டுக் கண் கலங்கிட்டாரு. உடனே ஆக்ஷன் எடுங்கன்னு சொல்லிட்டாரு."

ஆக, சுரப்பி இருந்தது. நான் நினைத்த இடத்திலேயே இருந்தது. நான் குத்தினேன், அது கொட்டியது. அழுதுகொண்டே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"மேடம், அந்தக் கை... அது பிஸ்கட்டுக்கு நீட்டின கை."

அவர் ஃபைலைத் திறந்து படத்தைப் பார்த்தார். "பிஸ்கட் எங்க சார்?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"பிஸ்கட் இருந்தா அவ்ளோ சோகமா இல்ல மேடம்."

அவர் பேனாவை மூடிவைத்தார். போனில் முழுப் படத்தையும் காட்டினேன். பார்த்துவிட்டு, படம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார். கீழே என் தலைப்பில் 'பிச்சை' என்ற இடத்தில் மஞ்சள் பட்டை போட்டிருந்தது. "இத எழுதினது நீங்கதானே? கையெழுத்து உங்களுதுதானே? அப்படின்னா இதுல எழுதினது உண்மையில்லன்னு நீங்களே எழுதிக் குடுங்க. குழந்தைகள் நலக் கமிட்டி முன்னாடி வெக்கிறேன். இல்லேன்னா முறைப்படி அப்பா வரணும், பர்த் சர்டிபிகேட் வரணும், வீட்டுக்குப் போய் விசாரிச்ச ரிப்போர்ட் வரணும். நாளாவும்."

இங்கே சின்னப் பெண் குழந்தைகளுக்கு இடமில்லை என்று பாப்பாவை அடுத்த மாவட்டத்தில் ஒரு காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளரிக்காய்க்காரப் பெண் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிடுங்க சார்," என்றாள். "ரெண்டு வரிதான?"

ஆமாம், ரெண்டு வரிதான். நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து சென்னைக்குப் போன் போட்டேன்.

மேடம் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், நம்ம மனு பொய்னு நாமளே எழுதிக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? முப்பத்தெட்டு மாவட்டத்து மனுவையும் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க. செங்கல் சூளைப் பிள்ளைங்க இருக்கு, ரத்தசோகைப் பொண்ணுங்க இருக்கு, எல்லாம் அதே கட்டுலதான் இருக்கு. இன்னும் பத்து நாள்ல மீட்டிங். அது முடியட்டும். குழந்தைக்கு அங்க சாப்பாடு கிடைக்குது, பத்திரமாத்தான் இருக்கு. பத்து நாள் சார்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் இதில் மோசமான விஷயம். ஒரு பக்கம் மாநிலத்துப் பிள்ளைகள் அத்தனை பேர், இன்னொரு பக்கம் ஒரு பாப்பா. நான் தர்மசங்கடத்தில் தவித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் எழுதினேன் என்று கையெழுத்துப் போடவேண்டாம், வேலை போகாது, அதற்கு மேல் கொள்கை என்று ஒரு போர்வையும் கிடைத்தது. இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அந்தப் பத்து நாளில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் என்னைத் தியாகி என்று நினைத்திருப்பார்கள். எழுத வேண்டிய ரெண்டு வரியை எழுதாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தேன். பர்த் சர்டிபிகேட்டில் 'பெண்' என்று மட்டும் இருந்தது, பெயர் ஏற்றவில்லை. பெயர் ஏற்ற அப்பா, அம்மா இருவரும் வரவேண்டும் என்றார்கள். புருஷன் பெங்களூரிலிருந்து வந்தான். அடிக்கவில்லை. என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டான். அவன் ஆதாரில் ஓர் இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றான், பிறகு மேஸ்திரி போன் செய்ததும், பெயர் ஏற்றும் வேலை முடியாமலே திரும்பிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் காப்பகத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பார்வையாளர் அறையில் ஒரு பெஞ்ச். பாப்பாவை நல்ல கவுன் போட்டு அழைத்து வந்தார்கள். பேன் இருக்கிறதென்று முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குழந்தை உடனே அம்மாவிடம் ஓடி வரவில்லை. கூட்டி வந்தவரின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு அடியாக வந்து மடியில் ஏறி உட்கார்ந்தது. பிறகு கேட்டது: "என் வண்டி எங்கம்மா?"

வண்டி என்றால் அந்தத் தக்காளி கிரேட். அதில் உட்கார்ந்து டுர்ர் என்று ஓட்டுமாம். ஜீப் வந்த அன்றைக்கும் ஓட்டிக்கொண்டுதான் இருந்ததாம்.

"வூட்ல கீதுடா."

"போலாம்."

"போலாம்டா. சாரு எழுதிக் குடுத்துடுவாரு, போலாம்."

என் பையில் அன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. எடுக்கவில்லை. எந்த மூஞ்சியோடு எடுப்பது?

சென்னை மீட்டிங் பெரிய ஹாலில் நடந்தது. ஏசி குளிரில் எல்லா மாவட்டத்து ஒருங்கிணைப்பாளர்களும் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். எம்.எல்.ஏ.க்கள் இருவர் வந்தார்கள். ஒவ்வொரு பக்கமாகத் திரையில் காட்டினார்கள். என் பக்கம் வந்தபோது ஹாலே ஒரு முறை 'உச்' கொட்டியது. தொகுத்துப் பேசியவர் குரலைத் தாழ்த்தி, "இந்த ஒரு பக்கத்தின் விளைவாகத் திருவண்ணாமலையில் குழந்தைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள்" என்றார். கைத்தட்டல். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

எம்.எல்.ஏ.க்களில் ஒருவர் நிஜமாகவே டீயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு நல்ல மனதோடுதான் கேட்டார்.

"பசங்களைத்தான் மீட்டாச்சே. அப்புறம் பால்வாடிய எதுக்குய்யா ராத்திரி தொறக்கணும்?"

கோரிக்கைப் பட்டியலில் எங்கள் மாவட்டத்துக்கு எதிரே 'நிறைவேறியது' என்று எழுதினார்கள். மைக் என் கையில் இருந்தது. மேடம் முன்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை பிச்சை எடுக்கவில்லை ஐயா. பொன்னாடைச் சரிகை கழுத்தில் குத்தியது. மேசை இருந்தால் அடியில் போயிருப்பேன். "நன்றி, வணக்கம்," என்றேன். அதற்கும் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பையிலிருந்து பொன்னாடை எட்டிப் பார்த்தது. மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"எதுக்கு இது?"

"போத்தினாங்க."

"பாப்பா வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்போ இதப் போத்தினு போய் அந்தம்மா எதுர்ல ஒரு வாட்டி நில்லுங்க. நானும் வந்து கை தட்டறேன்."

மறுநாள் காலையில் எழுதினேன். 'இந்தக் குழந்தை பிச்சை எடுக்கவில்லை. நான் கொடுத்த பிஸ்கட்டை வாங்கக் கை நீட்டியது. மனுவில் பிச்சை என்று எழுதியது என் தவறு.' ஆச்சரியக்குறி இல்லை, அடுக்குமொழி இல்லை. இதை எழுத எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

அதிகாரி அம்மா வாங்கிப் படித்தார். என்னைத் திட்டவில்லை. "இத அன்னிக்கே குடுத்திருந்தா அன்னிக்கே கமிட்டில வெச்சிருப்பேன் சார். இப்போ குழந்தை இருக்கிற மாவட்டத்துக்கே ஃபைலை மாத்திட்டாங்க. அங்க அனுப்பி வெக்கிறேன்." என் கடிதத்தின் ஓரத்தில் 'தகவலுக்காக' என்று எழுதி ஒரு ஃபைல் கட்டுக்குள் சொருகினார்.

அந்த மாவட்டத்தில் வீட்டு விசாரணை ரிப்போர்ட் கேட்டார்கள். இங்கே எழுதி அனுப்பினார்கள். பெயர் இல்லாத சர்டிபிகேட் என்று அது திரும்பி வந்தது. புருஷனை மறுபடி வரவழைத்துப் பெயர் ஏற்றி அனுப்பினோம். கமிட்டி கூடும் நாளில் ஒருவர் லீவு. அடுத்த அமர்வில் அப்பா எங்கே என்றார்கள். அடி அண்ணாமலை பால்வாடி டீச்சர் தன் வருகைப் பதிவேட்டை நகலெடுத்து, "இந்தப் பொண்ணு தெனமும் எங்கிட்டதாங்க இருந்துது" என்று எழுதிக் கொடுத்தார். அதையும் சொருகினார்கள். நான் பாப்பாவின் அம்மாவோடு போன நாட்களில், ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இன்னிக்குக் குடுத்துடுவாங்களா சார்?" என்பாள். நான் தெரியலம்மா என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

சென்னை மேடம் ஒருநாள் கூப்பிட்டார். "நீங்க எழுதிக் குடுத்தது எங்களுக்கும் வந்துச்சு சார். ரிப்போர்ட்லேர்ந்து உங்க மாவட்டப் பக்கத்த எடுத்துட்டோம். மத்ததுக்குப் பாதிப்பு வராம பாத்துக்கிட்டோம்." பயந்த மாதிரி வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு பக்கத்தை உருவிவிட்டு மற்றதைத் தைத்துவிட்டார்கள். பத்து நாள் முன்னால் எழுதியிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கோரிக்கையையாவது அடுத்த வருடம் மறுபடி வைக்கலாமா என்று கேட்டேன். "ஒரு தடவை நிறைவேறியதுன்னு போட்டத மறுபடி எப்படி சார் வெக்கிறது?" என்றார். என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. இந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் தேடுவது கஷ்டம்.

பாப்பா வீட்டுக்கு வந்தபோது நடுவில் மூன்று பௌர்ணமிகள் போயிருந்தன. இனி குழந்தையை வியாபாரத்துக்குக் கூட்டிவர மாட்டேன் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மீறினால் திருப்பித் தரமாட்டோம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நாலாவது பௌர்ணமி அன்று பிற்பகல், போகாமல் இருக்க முடியாமல் போனேன். பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அவள் அதே இடத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு துண்டில் பொடி தூவி நீட்டினாள்.

"சாப்புடுங்க சார்."

"பாப்பா எங்கம்மா?"

"வூட்ல கீது."

"யார் பாத்துக்கறாங்க?"

"யாரு பாப்பாங்க சார்? சோறு வெச்சிட்டுத்தான் வந்தேன்." அதற்குள் நாலு பேர் வந்து விலை கேட்டார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

பால்வாடி இன்றைக்கும் சாயங்காலத்துக்கு முன்பே மூடுகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் மூன்று மணிக்குக் குழந்தையை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள். விடிந்த பிறகு வந்து திறக்கிறாள்.